நாலு விரல் பழைய பெயின்ட்

அடித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதையைச் சுற்றிவளைத்துக் கொண்டுபோய்க் கடைசியில் என்னை நானே நல்லவனாக்கிக்கொண்டுவிடுவேன். எனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. முப்பது வருஷமாக விருத்தாசலத்தில் கார்களுக்கு பெயின்ட் அடிக்கிறேன். தகரத்தில் விழுந்த சொட்டையை மறைப்பதுதான் என் பிழைப்பு.

ஹிதாயத்துல்லா பாய் வண்டியைக் கொண்டுவந்தது மாசி மகக் கூட்டம் ஓய்ந்த வாரம். எழுபத்திரண்டு வயது. செராமிக் எஸ்டேட்டில் ஃபியூஸ் கட்டை வாங்கி, சேலம் திருச்சி வரைக்கும் கடை கடையாகக் கொண்டுபோய் வியாபாரம் செய்தவர். ஒரே மகன் ஃபாயிஸ் குவைத்தில். வண்டி எண்பத்து மூன்றாம் வருஷத்து ஃபியட். பிஸ்தா பச்சை நிறம். வாங்கின நாளிலிருந்து ஒரு தரம்கூட மறு பெயின்ட் பார்க்காத வண்டி. ஆர்.சி. புதுப்பிக்கப் போன இடத்தில் துருவைப் பார்த்துவிட்டு, தகர வேலை முடித்து, புக்கில் இருக்கிற அதே நிறத்தில் அடித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்களாம்.

"வண்டி முழுக்க உங்க இஷ்டம் தம்பி. இந்த எடத்த மட்டும் தொடாதீங்க" என்று இடது பக்கம் பின்கதவைத் திறந்து காட்டினார்.

கதவின் உள்பக்கம், கண்ணாடிக்குக் கீழே தகரப்பட்டை ஓடும் இல்லையா, அங்கே. நாலு விரல் அகலம், ஒரு சாண் நீளம். பார்க்க ஒன்றுமில்லை. பெயின்ட் தேய்ந்து, நடுவில் வழித்தெடுத்த மாதிரி லேசாகக் குழிந்து, இரண்டு இடத்தில் அடியில் இருந்த காவி பிரைமர் தெரிந்தது.

"அதான் ரொம்ப மோசமா இருக்குது பாய். அத வுட்டுட்டா எப்படி?"

"இருக்கட்டும். வூட்டுல கேப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் கிளம்பும்போது ஒரு தரம் சொன்னார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் சொன்னார். எனக்கு ஒரு விஷயத்தை இரண்டு தரம் சொன்னாலே உச்சிமண்டை சூடாகிவிடும். 'எனக்கே, இந்த ராஜாங்கத்துக்கே பெயின்ட் பாடமா' என்று பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். என் கடையில் ஒன்பது வருஷமாக இருக்கிற திலீபன்தான் பொறுமைசாலி. அவர் போனதும் அந்த இடத்தின் மேல் பேப்பர் வைத்து டேப் ஒட்டி, டேப்பின் மேல் மார்க்கரால் 'தொடாதே' என்று எழுதியும் வைத்தான்.

வேலை நன்றாக வந்தது. பொய் சொல்லக் கூடாது, அப்படி ஒரு வேலையை நான் பத்து வருஷமாகச் செய்யவில்லை. அந்தப் பழைய நிறத்தைப் பிடிக்கவே மூன்று நாள் ஆனது. மாதிரி பார்க்க எனக்கு இருந்தது அந்தக் கதவுப்பட்டை மட்டும்தான். பேப்பரைத் தூக்கிப் பார்ப்பேன், கலக்குவேன், ஒரு தகரத் துண்டில் அடித்து வெயிலில் காயவைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். நாலாவது நாள் பழசு எது புதுசு எது என்று எனக்கே தெரியவில்லை. "அண்ணே, கம்பெனிக்காரனே வந்தாலும் ஏமாந்துடுவான்" என்றான் திலீபன். எனக்குத் தலைக்கனம் ஏற அது போதாதா.

ஞாயிற்றுக்கிழமை விட்ட வண்டி. சனிக்கிழமை கண்டிப்பாக வேண்டும் என்று பாய் சொல்லியிருந்ததால் வெள்ளிக்கிழமையே கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை திலீபன் ஸ்ரீமுஷ்ணத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று லீவு போட்டுவிட்டான். காலையில் ஆறு மணிக்கே வந்து தனியாக டேப்புகளைப் பிரித்தேன். ஒவ்வொன்றாக உரிக்க உரிக்க வண்டி பளபளவென்று வெளியே வந்தது. கடைசியாகப் பின்கதவுக்கு வந்து 'தொடாதே' என்று எழுதியிருந்த டேப்பையும் உரித்தேன்.

சே! புதுப் பட்டுப்புடவையில் எலி கடித்த மாதிரி இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வார்த்தை உண்டு: மூளி. ஒரு மூலையில் பெயின்ட் இல்லாமல், ஒரு இடம் பட்டி பார்க்காமல் வண்டியை வெளியே விட்டால் அது மூளி வண்டி. வண்டிக்கும் ஆகாது, கடைக்கும் ஆகாது. இங்கே பக்கத்தில் இருக்கிற மங்களூர் ஆள் ஒருவர் டிராக்டரின் மட்கார்டை அடிக்க வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவசரப்படுத்தி எடுத்துப் போனார். மூன்றாம் நாள் அதே மட்கார்டில் லாரி உரசியது. அதிலிருந்து நான் யாருக்காகவும் மூளி வைத்ததில்லை. அதுவும் வெள்ளிக்கிழமை வெளியே போகிற வண்டியில்.

பாய் வாய்கூசி அந்த இடத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார், நாம் ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் சந்தோஷப்படத்தான் செய்வார் என்று நினைத்தேன். கெட்ட எண்ணம் ஒரு பொட்டுகூட இல்லை. அதனால் என்ன? கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் இடையில் ஒரு தரமாவது கை நின்றிருக்கும். எனக்குக் கை நிற்கவே இல்லை. எண்பதாம் நம்பர் உப்புத்தாள் பேப்பரால் பரக்பரக்கென்று தேய்த்தேன். அந்தக் குழியில் பட்டி வைத்து நிரப்பி, காய்ந்ததும் மட்டமாக இழைத்தேன். பிரைமர் அடித்தேன். எஸ்டேட்டுக்குப் போகிற களிமண் லாரிகள் ரோட்டில் புழுதி கிளப்ப ஆரம்பிப்பதற்குள் தரையில் தண்ணீர் தெளித்து, ஸ்பிரே கன்னை எடுத்து மூன்று கோட் அடித்து முடித்தேன். அடித்துவிட்டு எட்ட நின்று பார்த்து, "இப்பதாண்டா வண்டி" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மறுநாள் பாய் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பானட்டைத் தடவினார். கண் கலங்கிப்போய், "புதுசா எடுத்த அன்னிக்கி இப்படித்தான் இருந்துச்சு தம்பி" என்றார். பின்கதவைத் திறந்து பார்க்கவில்லை. சொன்ன சொல்லை நம்புகிற மனுஷர், எதற்குப் பார்க்கிறார்? நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் போய்ப் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கார் என்ன ஆயிற்று என்று கேட்க வாய் வரை வந்தது. முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ஒரு டின்னின் மேல் உட்கார்ந்தார்.

"அந்த எடத்துல அடிச்சிட்டீங்களே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

அவர் மனைவி ஜெரினாம்மாவுக்கு இரண்டு வருஷமாக நினைவு சரியில்லை. வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. ஃபாயிஸ் போனில் முகத்தைக் காட்டிப் பேசினால் "யாரு இந்தப் புள்ள?" என்று கேட்கிறாராம். சில நாள் பாயையே வெளியாள் என்று நினைத்து முக்காட்டை இழுத்துக்கொள்கிறாராம். அதோடு சர்க்கரை. காலில் புண் வந்து ஆறாமல் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் கடலூரில் டாக்டரிடம் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து கட்டு மாற்ற வேண்டும். விட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அப்புறம் பாதம் வரைக்கும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆட்டோவில் ஏற்றினால் குதிக்கப் பார்க்கிறார். ஒரு தரம் ஆம்புலன்ஸ் வரவழைத்தார்கள். தெருவே கூடும்படி அந்த அம்மா அலறியதில் அதுவும் முடியவில்லை.

"இந்த வண்டின்னா மட்டும் ஏறிக்குவா. வியாபாரத்துக்குப் போறப்ப முன் சீட்டுல சாம்பிள் பொட்டி இருக்கும், அவ பின்னாடி எடது பக்கம்தான் உக்காருவா. கட்டைவெரல வெச்சு அந்த எடத்தத் தேய்ச்சிக்கிட்டே வருவா. நாப்பது வருஷம் தேய்ச்சது. இப்பவும் ஏறினதும் வெரலு அங்க போயிடும். அந்தக் குழியில வெரலு பட்டுச்சுன்னா அடங்கிடுவா. கடலூரு வரைக்கும் ஒரு சத்தம் வராது."

நான் அந்தக் குழியை எவ்வளவு மட்டமாக இழைத்தேன் தெரியுமா? நகம் வைத்தால் நகம் தட்டாது.

"சனிக்கெழமை ஏறினா. தேடினா, தேடினா. 'இது நம்ம வண்டி இல்ல, என்ன எங்க கூட்டிட்டுப் போறீங்க'ன்னு கத்தி, கதவத் தொறந்துக்கிட்டு கடைத்தெருவுலயே எறங்கிட்டா. அந்தக் காலோட நடந்தே வூட்டுக்கு வந்தா தம்பி."

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "நாந்தான் பாய், மன்னிச்சுக்குங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நம்ம திலீபன் தெரியாம அடிச்சிட்டான் பாய். நான் அன்னிக்கி கடையில இல்ல."

திலீபன் பின்பக்கம் கம்ப்ரசர் சத்தத்தில் இருந்தான். டேப் ஒட்டி 'தொடாதே' என்று எழுதினவன் தலையில் அப்படியே தூக்கிப் போட்டேன். பாய் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவனத் திட்டிடாதீங்க. வேலைய வுட்டும் எடுத்துடாதீங்க. அவனுக்கு என்னா தெரியும், பாவம். நானும் வெவரமா சொல்லியிருக்கணும். பொண்டாட்டிக்குப் புத்தி சரியில்லன்னு வெளிய சொல்ல மனசு வரல."

வந்து சரி செய்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். செவ்வாய் போகவில்லை. புதன், வியாழன் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், மறதிக்கார அம்மாதானே, பழைய இடத்தையும் மறந்துவிடுவார் என்று ஒரு நப்பாசை. அந்த நினைப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சோறு இறங்கவில்லை. என் மனைவி துர்கா தோண்டித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகு கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அந்த மனுசன் நம்ம ஆளா இருந்தா இந்நேரம் கொளஞ்சியப்பர் கோயில்ல ஒங்க மேல பிராது கட்டியிருப்பாரு" என்றாள். எங்கள் ஊரில் அநியாயம் நடந்தால் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டுவது வழக்கம். கட்டினால் தப்புச் செய்தவனுக்குத் தூக்கம் போகும் என்பார்கள். "அவரு கட்ட மாட்டாரு. நீங்களே போயி ஒங்க மேல ஒண்ணு எழுதிக் கட்டுங்க. திலீபன் பேரையும் சேத்து எழுதுங்க."

"வாய மூடு" என்று கத்தினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். என்னுடையது கத்தவும் கத்தும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தண்ணீர் பேப்பர், ஒரு வாளி, ஸ்பாஞ்ச் எல்லாம் எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். பதினோரு மணிக்குக் கடலூரில் இருக்க வேண்டும் அவர்கள். போன வாரம் கட்டு மாற்றாததால் புண்ணில் வாடை வர ஆரம்பித்துவிட்டது என்று வாசலிலேயே மருமகள் மர்ஜானா சொன்னாள். இந்த வாரமும் தவறக் கூடாது என்றாள். வாளியில் தண்ணீர் வாங்கிக்கொண்டு காரிடம் போனேன்.

தின்னர் போட்டால் ஒரு நிமிஷத்தில் என் பெயின்ட் கரையும். அதோடு அடியில் இருக்கிற பழசும் சேர்ந்து கரைந்துவிடும். கையால்தான் தேய்க்க வேண்டும். கதவைத் திறந்துவைத்து, முட்டி போட்டு, பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தேன். முதலில் என் பச்சை போனது. பிறகு என் பிரைமர். பிறகு என் பட்டி, பால் மாதிரி தண்ணீரில் கரைந்து வழிந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து ஓரத்தில் பழைய பச்சை எட்டிப் பார்த்தது. யப்பா! அப்போது எனக்கு வந்த மூச்சை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. விரல் நுனியால் தடவித் தடவிக் குழியைத் தேடினேன். குழி வந்தது. ஆனால் அதன் குறுக்கே நெடுக கோடு கோடாக, நான் எண்பதாம் நம்பர் பேப்பரால் போட்ட கீறல்கள். பழைய பெயின்ட் இருந்தது. நாற்பது வருஷம் ஒரு விரல் தேய்த்து உண்டாக்கிய வழவழப்பு இல்லை. அதை எந்தக் கடையில் வாங்குவது?

"டேய், என்னா பண்ற?"

நிமிர்ந்தேன். வாசல்படியில் ஜெரினாம்மா நின்றிருந்தார். மெலிந்த உருவம். ஒரு காலில் தடித்த கட்டு. மர்ஜானா ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருந்தாள், பின்னால் சாவியோடு பாய்.

"சரி பண்றேன்மா" என்றேன்.

அவர் என் கையில் இருந்த பேப்பரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"இவன்தான். என்னங்க, இவன்தான் அத அழிச்சவன்."

பாய் அவசரமாக முன்னால் வந்தார்.

"இல்ல ஜெரினா. அது வேற ஆளு. இவரு நல்லவரு, சரி பண்ணிக் குடுக்க வந்திருக்காரு."

"இவன்தான்."

"தப்பா சொல்லாத. உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"உனக்கு நெனவு இல்ல ஜெரினா, பேசாம இரு." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். கையைக் கூப்பவே கூப்பிவிட்டார். "மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. அவளுக்கு என்னா பேசுறோம்னே தெரியாது. அவளுக்காக நான் மன்னிப்பு கேட்டுக்குறேன்."

ஜெரினாம்மாவின் முகம் அப்படியே சுருங்கிப்போனது. என்னை விட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் அவர் வாயைத் திறந்த போதெல்லாம் "இல்லை, தப்பு, உனக்குத் தெரியாது" என்றே கேட்டிருப்பார். அவர் என்னைக் கண்டுபிடித்துச் சொன்னாரா, பேப்பரோடு நிற்கிறவனைப் பார்த்துச் சொன்னாரா, தெரியாது. ஆனால் அந்த வாசலில் நின்ற நாலு பேரில் உண்மை பேசினது அவர் ஒருவர்தான். அவருக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் பாய்.

"பாய், கைய எறக்குங்க" என்றேன். அவர் இறக்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "கைய எறக்குங்க. அவங்க சொல்றதுதான் சரி. திலீபன் இல்ல. அன்னிக்கி அவன் ஊருலயே இல்ல. நாந்தான் டேப்ப உரிச்சேன், நாந்தான் அடிச்சேன். மூளியா குடுக்கக் கூடாதுன்னு அடிச்சேன். அப்பறம் பயந்துக்கிட்டு அவன் தலையில போட்டுட்டேன்."

பாயின் கைகள் கூப்பியபடியே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு இறங்கின. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மனைவி பக்கம் திரும்பி, அவர் தோளைத் தொட்டார்.

"நீ சொன்னதுதான் சரி ஜெரினா. இவன்தான். நாந்தான் தப்பா சொல்லிட்டேன்."

ஜெரினாம்மா தலையை நிமிர்த்தினார். முதலில் நம்பவில்லை. மர்ஜானா முகத்தைப் பார்த்தார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே "ஆமா மாமி" என்றாள். அப்போதுதான் அந்த முகத்தில் சிரிப்பு வந்தது. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு.

"நான் சொன்னேன்ல?"

"சொன்ன."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லல்ல?"

பாய் கார்க் கதவைக் காட்டி ஏறச் சொன்னார். ஜெரினாம்மா விடவில்லை. "எல்லாரும் எனக்கு நெனவு தப்பிடுச்சுன்னு சொல்றீங்களே. எனக்கு ஒண்ணும் இல்லல்ல? சொல்லுங்க." பாயின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அப்போதுதான் பாய் என்னைப் பார்த்தார். அன்று அவர் என்னைப் பார்த்தது அந்த ஒரே தரம்தான்.

"இந்தாளயே கேளு" என்றார்.

ஜெரினாம்மா என்னிடம் திரும்பினார். வெறும் காலாக இரண்டு அடி எடுத்துவைத்து என் எதிரில் வந்து நின்றார். புண்ணின் வாடை எனக்கு அடித்தது. மணி ஒன்பதரை ஆகியிருந்தது. பத்து நிமிஷத்தில் கிளம்பினால்தான் கடலூரில் டாக்டரைப் பிடிக்க முடியும்.

"நீ சொல்லு. எனக்கு ஏதாவது இருக்குதா?"

"இல்லம்மா" என்றேன். "ஒங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்கீங்க."

ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பொய்யைச் சொன்னபோது வியர்த்தது. இதைச் சொன்னபோது அழுகை வந்தது. அவர் என்னை நம்பினார். அந்த வீட்டில் இருக்கிற யாரையும் நம்பாதவர், தன் கதவை அழித்தவனை நம்பினார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை மெல்லத் தூக்கி உள்ளே வைத்து ஏறினார்.

உட்கார்ந்ததும் கட்டைவிரல் அந்த இடத்துக்குப் போனது. நாங்கள் மூன்று பேரும் அந்த விரலையே பார்த்தோம். விரல் குழிக்குள் இறங்கியது. ஒரு தரம் போய்வந்தது. நின்றது.

"சொரசொரன்னு இருக்குது" என்றார்.

"தேய்ச்சிக்கிட்டே வா. சரியாயிடும்" என்றார் பாய்.

மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். பாய் சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். நான் வாளியோடு ஓரமாக ஒதுங்கி நின்றேன். உள்ளேயிருந்து ஜெரினாம்மா என்னைப் பார்த்து, "கதவச் சாத்துப்பா" என்றார். சாத்தினேன்.